பெருநாள் வீட்டில் அயலார்: இரு பயண நூல்கள் பற்றி ஒரு திறனாய்வு

விருந்தினரை எவ்வாறு வரவேற்க வேண்டும் என்பது பற்றி நம் முன்னோர் ஏராளமாக எழுதிவைத்தனர். விருந்தினராகச் சென்றவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றி அத்துணை எழுதவில்லை. விருந்தினரின் உள்ளம் அனிச்ச மலரினும் மென்மையானது. விருந்தளிப்பவரின் முகம் சற்றே மாறினும் அது வாடிவிடும் என்பது வள்ளுவர் கருத்து. முற்றிலும் உண்மை. ஆனால் உண்டு சென்றவரின் எழுதுகோலால் உணவளித்தவரின் உள்ளம் வாடுவதும் உண்டல்லவா? விருந்தினரைக் கண்ணியப்படுத்துமாறு பணித்த அண்ணல் நபி (ஸல்) அவர்களே, விருந்தளிப்பவருக்குச் சங்கடம் நேரும் அளவுக்குத் தங்குதல் ஆகாது என விருந்தினருக்கும் எல்லை வகுத்தார்கள். அவ்வெல்லை தங்கும் நாட்களுக்கு மட்டும் உரியதன்று. தங்கிச் சென்றபின் எழுதும் எழுத்துக்கும் உரியது என்றே நாம் கருதுகிறோம்.

இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. வளைகுடா நாடுகளிலோ மலேசியாவிலோ அயலார் நடுவே பெருநாள் கழிக்கும் மகனையோ மருமகனையோ உடைய இல்லங்கள் நம்மிடையே பல. அவர்கள் ஊர் திரும்பியதும் கண்டதைச் சொல்கின்றனர். சிலர் எழுதவும் செய்கின்றனர். அவ்வெழுத்துகளை மதிப்பிட நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனை நாடி, அரபு மொழியின் இருபெரும் பயண நூல்களை, அவற்றில் வரும் பெருநாள் பக்கங்களை மட்டும் கொண்டு, ஈண்டு ஆராய முற்படுகிறோம். ஒன்று இப்னு ஜுபைருடையது. மற்றொன்று இப்னு பதூதாவுடையது. பல்லாண்டுகளாக இவ்விரு நூல்களிலிருந்தும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வந்த நாம், மக்கா, மதீனா, திமிஷ்க் நகர வருணனைகளையே பெரிதாக எடுத்துரைத்தோம். பெருநாள் பக்கங்களைப் புரட்டிச் சென்றுவிட்டோம். அது பிழை என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறோம்.

அந்நியரின் தொழுகை

இப்னு ஜுபைர் 1145இல் வலன்ஸியாவில் பிறந்தவர். கர்னாதா ஆளுநரிடம் எழுத்தராகப் பணிபுரிந்தவர். 1183இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, கடமையை நிறைவேற்றித் திரும்புகையில், 1184 டிசம்பரில் அவர் ஏறிவந்த கப்பல் சிசிலித் தீவின் மெஸ்ஸினாவுக்கு அருகே உடைந்தது. உயிர் தப்பிய அவர் தீவின் ஊடே பயணம் செய்து, மேற்கு முனையிலுள்ள டிராபானித் துறைமுகத்தை அடைந்தார். அங்கேதான் ஹிஜ்ரி 580ஆம் ஆண்டின் நோன்புப் பெருநாள் அவருக்கு வாய்த்தது. ஆங்கிலக் கணக்கில் 1185 ஜனவரி. அன்று சிசிலி நார்மானியக் கிறித்தவ மன்னரான இரண்டாம் வில்லியத்தின் ஆட்சியில் இருந்தது. ஒரு காலத்தில் ஆண்ட முஸ்லிம்கள் அப்போது குடிகளாக வாழ்ந்தனர்.

அந்தப் பெருநாளை அவர் எழுதியிருப்பது சில வரிகளே. ஊரார் பெருநாள் திடலுக்குச் சென்றனர். தக்க காரணத்தால் அங்குச் செல்ல இயலாத உள்ளூரார் சிலருடன் இவர் ஒரு பள்ளிவாசலிலேயே தொழுதார். அத்தொழுகையை அந்நியரின் தொழுகை என்று குறிப்பிட்டு, ஊர் பிரிந்த ஒவ்வொருவரையும் இறைவன் அவரவர் தாயகம் சேர்ப்பானாக என்று துஆச் செய்கிறார். திடலுக்குச் சென்றவர்களோ தம் நீதிபதி தலைமையில், முரசும் கொம்பும் முழங்கத் திரும்பி வந்தனர். அதையும், ஆளும் கிறித்தவர்கள் அதனைக் கண்டும் காணாது விட்டதையும் கண்டு வியந்ததாக எழுதுகிறார்.

ஏன் அந்த முழக்கம்? அதற்கான விடை நூலின் வேறோர் இடத்தில் இருக்கிறது. தலைநகர் பலர்மோவைப் பற்றி எழுதுமிடத்தில், அங்குள்ள முஸ்லிம்களுக்குக் குத்பா தடுக்கப்பட்டிருந்ததால் ஜும்ஆத் தொழுகை இல்லை. பெருநாள் தொழுகையில் மட்டும் குத்பா ஓதி, அதில் அப்பாஸியக் கலீஃபாவுக்காக துஆச் செய்வர் என்கிறார். இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு அந்த முரசின் பொருள் வேறாகிவிடுகிறது. அதனை வெறும் ஆரவாரம் எனச் சொல்ல இயலாது. வாரந்தோறும் வாய்மூடிக் கிடந்த ஒரு சமுதாயம், ஆண்டுக்கு இருமுறை வாய்திறந்த ஒலியாகவே அது நம் செவியில் விழுகிறது. இப்னு ஜுபைர் இவ்விளக்கத்தைத் தாமே சொல்லவில்லை. கண்டதை உரிய இடங்களில் எழுதிவைத்தார். படிப்பவர் இணைத்துக்கொள்ளட்டும் என விட்டுவிட்டார். நாட்குறிப்பாக அன்றன்று எழுதப்பட்ட நூலின் வலிமை இது.

அவர் அதனோடு நிற்கவில்லை. விழாவின் மகிழ்ச்சிக்குப் பின்னே அவ்வீடுகளில் இருந்த துயரத்தையும் கேட்டறிந்தார். அவ்வூர்ப் பெருமக்களுள் ஒருவர் தம் மகனை ஹாஜி ஒருவரிடம் அனுப்பி, பருவமெய்தும் நிலையிலிருந்த தம் மகளை ஏற்று மணந்துகொள்ளுமாறு, அன்றேல் தம் நாட்டில் தகுந்த ஒருவருக்கு மணமுடித்துத் தருமாறு வேண்டினார். எப்படியாவது அவள் மார்க்கத்தோடு வாழும் ஒரு நாட்டைச் சேர வேண்டும் என்பதே அத்தந்தையின் ஆசை. தாயற்ற அப்பெண்ணுக்கு இரு சகோதரர்களும் ஒரு சின்னத் தங்கையும் இருந்தனர். தந்தை அவளிடமே கேட்டபோது, தன்னைத் தடுத்து நிறுத்தினால் அதற்குப் பொறுப்பு அவரையே சாரும் என்று அவள் விடை பகர்ந்தாளாம். ஈரற்குலையைப் பிய்த்து அந்நியர் கையில் கொடுக்கும் மனவுறுதி ஒரு தந்தைக்கு எவ்வாறு வந்தது என இப்னு ஜுபைர் திகைத்து நிற்கிறார். அத்திகைப்பு நம்மையும் தொற்றிக்கொள்கிறது.

குறை இல்லையா? உண்டு. கிறித்தவரைக் குறிப்பிடும்போதெல்லாம் சாபச் சொற்களை வாய்பாடாக எழுதிச் செல்கிறார். ஆயினும் கப்பல் உடைந்தபோது, கரைசேர்க்கும் படகுக்குக் கூலி கொடுக்க இயலாத ஏழை முஸ்லிம்களுக்காக அந்தக் கிறித்தவ மன்னரே பணம் வழங்கியதையும் அதே கையால் எழுதுகிறார். வாய்பாடு அக்காலத்தின் வழக்கு. கண்டதை மறைக்காமை அவருடைய பண்பு. 1220களிலிருந்து சிசிலி முஸ்லிம்கள் இத்தாலியின் லூசேராவுக்குப் பெயர்க்கப்பட்டதும், 1300இல் அக்குடியிருப்பும் அழிக்கப்பட்டதும் வரலாறு. இன்று அவ்வீடுகள் இல்லை. அப்பெருநாள் முழக்கம் இவ்விருந்தினரின் ஏட்டில் மட்டுமே எஞ்சியுள்ளது. ஒரு குடும்பம் மறைந்தபின் அதன் சாட்சியாக நிற்பவர் அயலாரே ஆகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சக்கிலித் தொழிலாளியின் அழைப்பன்று, தலைவரின் அழைப்பு

இனி இப்னு பதூதா. 1304இல் தஞ்சா நகரில் பிறந்து, 1325இல் ஊரைவிட்டுப் புறப்பட்ட இப்பெருமகனார், சற்றொப்ப முப்பதாண்டுகள் உலகைச் சுற்றியபின், நினைவிலிருந்து சொல்லச்சொல்ல இப்னு ஜுஸை என்பார் எழுதி 1355இல் முடித்த நூலே ‘ரிஹ்லா’. தாம் எழுதிவைத்த குறிப்புகளில் சிலவற்றைக் கடற்கொள்ளையரிடம் இழந்தவர் அவர். சில நகர வருணனைகள் இப்னு ஜுபைரின் நூலிலிருந்தே எடுத்தாளப்பட்டவை என்பதும் அறிஞர் அறிந்ததே. ஆகவே நாட்குறிப்பைப் படிப்பது போல் இதனைப் படித்தலாகாது. ஆனால் பெருநாள் பக்கங்கள் இரவலாகப் பெற்றவை அல்ல. பட்டவர் மட்டுமே சொல்லக்கூடிய செய்திகள் அவற்றில் உள்ளன.

அனதோலியாவில் அந்தாலியா நகரத்தில், கந்தலாடை உடுத்த ஒருவர் வந்து துருக்கி மொழியில் ஏதோ சொல்கிறார். விருந்துக்கு அழைக்கிறார் என அறிந்த இப்னு பதூதா, இந்த ஏழைக்கு நாம் சுமையாகலாகாது என எண்ணுகிறார். உடனிருந்தவர் சிரிக்கிறார். தோல் தைக்கும் அம்மனிதரே ஏறக்குறைய இருநூறு தொழிலாளர்களுக்குத் தலைவரான ‘அகீ’ என்பது தெரியவருகிறது. பகலெல்லாம் உழைத்து, அஸருக்குப்பின் கூலியைத் தலைவரிடம் சேர்த்து, அதைக் கொண்டு முஸாபர்களுக்கு உணவளிக்கும் இளைஞர் கூட்டத்தார் அவர்கள்.

லாதிக் என்னும் ஊரில் (இன்றைய டெனிஸ்லி) நகைச்சுவையான ஒரு நிகழ்ச்சி. கடைத்தெருவில் நுழைந்ததும் சிலர் பாய்ந்து வந்து குதிரைகளின் கடிவாளத்தைப் பற்றுகின்றனர். வேறு சிலர் வந்து அவர்களோடு மல்லுக்கு நிற்கின்றனர். கத்திகளும் உருவப்படுகின்றன. மொழி அறியாத பயணிகள் கொள்ளையர் என்றே அஞ்சுகின்றனர். அரபு தெரிந்த ஒருவர் வந்து விளக்குகிறார்: இரு அகீகளின் ஆட்கள், விருந்தினர் தம்மிடமே தங்க வேண்டுமெனப் போரிடுகின்றனர்! இறுதியில் சீட்டுப் போட்டு முறை வைக்கின்றனர்.

அவ்வூரிலேயே நோன்புப் பெருநாள் வந்தது. ஒவ்வொரு தொழிலாரும் தத்தம் கொடியும் மேளமும் கொம்பும் ஏந்தி, ஆடு மாடுகளையும் ரொட்டிச் சுமைகளையும் கொண்டுவந்தனர். முதலில் கபருஸ்தான் சென்று, பிராணிகளை அறுத்து, இறைச்சியையும் ரொட்டியையும் ஏழைகளுக்குத் தர்மம் செய்துவிட்டே தொழுகைத் திடலுக்குச் சென்றனர். பின்னர் சுல்தானின் இல்லத்தில் அறிஞர்க்கும் இளைஞர்க்கும் ஒரு விரிப்பு, வறியவர்க்கு ஒரு விரிப்பு. ஏழையாயினும் செல்வராயினும் அன்று அவ்வாயிலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர் எவருமில்லை. மொழி தெரியாத ஒருவர் இத்துணை நுட்பமாகக் கண்டதற்குக் காரணம், யார் கொடுத்தார், யார் பெற்றார் என்பதை அவர் கவனித்தமையே.

அதே அனதோலியாவில், நம் மனத்தை இன்னும் கவர்வது வேறொரு சிறு செய்தி. அந்நாட்டில் வாரத்தில் ஒருநாள் ரொட்டி சுடுவார்களாம். அந்நாளில் ஆடவர் சூடான ரொட்டியும் நல்ல குழம்பும் கொண்டுவந்து, இதனைப் பெண்கள் அனுப்பினர். தங்களிடம் துஆ வேண்டுகின்றனர் என்று சொல்வார்களாம். புறப்படும்போது உற்றார் பிரிவது போல் அப்பெண்கள் அழுவார்களாம். அகீகளின் மண்டபங்கள் ஆடவர் உலகம். அரசரின் திடலும் அவ்வாறே. அடுக்களையின் குரல் அப்பயணத்தில் ஒலிக்கும் அரிய இடங்களுள் இஃது ஒன்று. விருந்து என்பது அடுப்பில் தொடங்குகிறது என்பதை மறந்து எழுதும் நம் காலத்துக் கட்டுரையாளர்கள் இதனை ஊன்றிப் படிப்பாராக.

தில்லியில் நிலைமை வேறு. 1334இல் அங்குச் சென்ற ஒன்றரை மாதத்தில் ஓராண்டும் நிரம்பாத அவருடைய பெண்குழந்தை இறந்துபோயிற்று. முஹம்மது பின் துக்ளக் அப்போது நகரில் இல்லை. வஸீர் முன்னின்று நல்லடக்கம் செய்வித்தார். இதனை அடுத்துச் சில பக்கங்களில் வருகிறது நோன்புப் பெருநாள்: கரிய உடையில் கதீப் யானைமீது அமர்ந்து செல்கிறார்; முன்னே முஅத்தின்கள் யானைகள்மீது தக்பீர் முழக்குகின்றனர். யானையும் கொடியும் பந்தலும் எண்ணி எழுதியவர், குழந்தையை இழந்த தாய் அப்பெருநாளை எங்ஙனம் கழித்தாள் என்று எழுதவில்லை. நினைவில் நின்றது ஊர்வலம், நில்லாதது வீடு. ஊர்வலம் வீட்டை விழுங்கிவிடுவது பயண நூல்களின் பழைய நோய்.

மூன்று ரொட்டிகளும் ஒரு சிரிப்பும்

1352இல் இப்னு பதூதா மாலி நாட்டை அடைந்தார். மன்ஸா சுலைமான் அங்கு அரசர். அரசரின் அன்பளிப்பு வந்திருக்கிறது என்று சொல்லக் கேட்டு, பட்டாடையும் பொற்காசும் எதிர்பார்த்து எழுந்து நின்றார். வந்ததோ மூன்று ரொட்டிகள், பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, சுரைக்குடுக்கையில் தயிர். அதைக் கண்டு சிரித்ததாகவும், இத்துணை அற்பப் பொருளைப் பெரிதாக எண்ணும் அவர்களுடைய அறிவைக் கண்டு வியந்ததாகவும் எழுதுகிறார். பின்னர் அரசவையிலேயே எழுந்து, உலக மன்னர்களிடம் உம்மைப் பற்றி நான் என்ன சொல்வேன் என்னும் கருத்தில் முறையிட்டு, வீடும் பொன்னும் பெற்றார்.

நாம் தயங்காமல் சொல்கிறோம்: இச்சிரிப்பு அந்நூலின் கறை. ரொட்டி, இறைச்சி, தயிர் ஆகியவை பசித்தவருக்கு உணவு. அந்நாட்டார் அவற்றை அன்பளிப்பு என எண்ணியது அறிவின்மை அன்று. அனதோலியப் பெண்களின் ரொட்டியைக் கண்கலங்கப் போற்றியவர், மாலியின் ரொட்டியைக் கண்டு ஏன் நகைத்தார்? இடையில் அவர் தில்லியின் காழியாகவும் மாலத்தீவின் காழியாகவும் இருந்துவிட்டார். பரிசில் பெற்றுப் பழகிய கை ரொட்டியின் வெப்பத்தை உணரவில்லை.

மாலியின் இரு பெருநாட்களையும் அவர் கண்டார். மக்கள் அழகிய வெண்ணிற ஆடை உடுத்துத் திடலுக்கு வந்ததையும், கதீப் அரசர்முன் அமர்ந்து பேச, ஈட்டி ஏந்திய ஒருவர் அதனை மக்கள் மொழியில் எடுத்துரைத்ததையும் போற்றத்தக்கவாறு விவரிக்கிறார். தம் மொழியில் மார்க்கத்தைக் கேட்கும் உரிமைக்கு அஃது ஒரு நல்ல சான்று. ஆனால் அஸருக்குப்பின், இறகு முகமூடி அணிந்து பறவைபோல் வேடமிட்ட புலவர்கள் அரசர்முன் பாட வந்தபோது, அதனை நகைப்புக்கிடமான கோலம் என்கிறார்.

இதனை மதிப்பிட நமக்கு வெளியிலிருந்து அளவுகோல் வேண்டியதில்லை. ஒரு பெருநாளன்று மதீனாப் பள்ளிவாசலில் அபிஸீனியர் ஈட்டி கொண்டு விளையாடினர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தாமே சலிக்கும்வரை அதனைக் காண நபி பெருமானார் (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்து நின்றார்கள். வீட்டில் இரு சிறுமியர் பாடியதை அபூபக்ர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது, ஒவ்வொரு சமூகத்தார்க்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம் பெருநாள் எனச் சொல்லி விடச் செய்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அயலாரின் ஆட்டத்தை மதீனாவே ஏற்றது. அந்த ஆப்பிரிக்காவுக்கே விருந்தினராகச் சென்றவர் அவர்தம் பாட்டை நகைப்பது தகுமா? மார்க்கத்துக்கு முரணானதை முரண் என்று சொல்லலாம். அது அறிஞர் கடன். ஆனால் நகைப்பு வேறு, கண்டனம் வேறு. கண்டனத்தில் அக்கறை இருக்கும். நகைப்பில் உயர்வு மனப்பான்மையே இருக்கும்.

காழியின் வீட்டில்

இனி, இந்நூலின் பெருநாள் பக்கங்களிலேயே நம் உறக்கத்தைக் கெடுத்த இடத்துக்கு வருகிறோம். மாலியில் ஒரு பெருநாளன்று இப்னு பதூதா அவ்வூர்க் காழியின் வீட்டுக்குச் செல்கிறார். ஊர்வலமும் இல்லை, அரசரும் இல்லை. ஒரு குடும்பத்தின் வீடு. அங்கே காழியின் பிள்ளைகள் விலங்கிடப்பட்டிருக்கின்றனர். இவர்களை விடுவிக்கமாட்டீர்களா என்று விருந்தினர் கேட்கிறார். குர்ஆனை மனனம் செய்து முடிக்கும்வரை விடமாட்டேன் என்று தந்தை சொல்கிறார். அவ்வளவே செய்தி. அந்நாட்டாரிடம் தாம் கண்ட நற்பண்புகளின் வரிசையில் இதனைச் சேர்த்துவிட்டு நூலாசிரியர் மேலே செல்கிறார்.

குர்ஆன் மீது அம்மக்கள் கொண்ட பற்றுக்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் பலர். நாமும் வகுப்பில் அங்ஙனமே காட்டியிருக்கிறோம். இன்று மாற்றிச் சொல்கிறோம். நூலாசிரியர் இச்செய்தியை வைத்த இடம் தவறு. ஆனால் அந்தக் கணத்தில் அவர் கேட்ட கேள்வி சரி. பெருநாள் காலையில் விலங்கோடு பிள்ளைகளைக் கண்டதும் அயலாரின் நெஞ்சிலிருந்து தானாக எழுந்த கேள்வி அது. பின்னர் பட்டியல் போட்ட அறிஞர் அக்கேள்வியை அடக்கிவிட்டார். அவருக்குள்ளிருந்த விருந்தினர், அவருக்குள்ளிருந்த காழியைவிட மேலானவர் என்போம்.

இதனை நாம் அறிந்தது நூலறிவால் அன்று. ஆண்டுகள் பலவாயின. ஒரு நோன்புப் பெருநாள் காலை. தம் பாட்டனார் பிறந்த ஊரைக் காண மலேசியாவிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் நம் இல்லத்தில் விருந்தினராக இருந்தார். நம் மூத்த மகன் முதல்நாள் பாடத்தைச் சரிவர ஒப்புவிக்கவில்லை. சூரா முடியும்வரை புத்தாடை இல்லை என்று அவனைத் திண்ணையில் உட்காரவைத்திருந்தோம். தெருவெல்லாம் தக்பீர் ஒலி. வட்டலப்பத் தட்டோடு வந்த அவன் தாயார் வாய்திறவாமல் நின்றார். அவ்விருந்தினர் நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. பையனின் அருகே சென்று அமர்ந்து, அந்த சூராவைத் தாமே தட்டுத்தடுமாறி ஓதத் தொடங்கினார். பிழைவிட்ட இடத்தில் பையன் திருத்தினான். அவர் மீண்டும் பிழைவிட்டார். அவன் மீண்டும் திருத்தினான். இருவருமாக முடித்ததும், “ஹஸ்ரத், பாடம் முடிந்தது, சட்டையைக் கொடுங்கள்” என்றார். நாம் தலைகுனிந்து கொடுத்தோம். அவர் வேண்டுமென்றே பிழைவிட்டாரா என்பது இன்றளவும் நமக்குத் தெரியாது.

அவர் ஊர் திரும்பி நம்மைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று பல நாள் எண்ணியதுண்டு. ஓராண்டு கழித்து ஒரு கடிதம் வந்தது. நம் வீட்டு வட்டலப்பத்தின் சுவையையும், தமக்குப் பாடம் திருத்திய சிறுவனின் நினைவாற்றலையும் எழுதியிருந்தார். திண்ணையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சொல்ல வேண்டியதை அன்றே நேரில், நாம் நாணமடையாத முறையில் அவர் சொல்லி முடித்துவிட்டார்.

முடிவாக

இவ்விரு பேராசிரியர்களுள் பெருநாள் விருந்தினராகச் சிறந்தவர் யார்? பரப்பால் இப்னு பதூதா பெரியவர். அவரின்றி லாதிக்கின் விரிப்பையும் மாலியின் திடலையும் நாம் அறியோம். ஆழத்தால் இப்னு ஜுபைரே பெரியவர். தாம் அந்நியர் என்பதை அவர் ஒருபோதும் மறக்கவில்லை. ஆகவேதான் ஊராரின் முரசுக்குப் பின்னே அவர்தம் அச்சத்தையும், ஒரு தந்தையின் பிரிவுத் துயரையும் கேட்க முடிந்தது. தம்மை அரசரின் விருந்தினராகக் கருதிக்கொண்டபோதெல்லாம் இப்னு பதூதாவின் பார்வை மங்குகிறது. ஏழைத் தொழிலாளரின் விருந்தினராக இருந்தபோதெல்லாம் ஒளிர்கிறது.

அயல்நாட்டில் பெருநாள் கழித்து எழுத முற்படும் நம் பிள்ளைகளுக்கு ஆசிரியன் என்னும் முறையில் சிலவற்றைச் சொல்வோம். எத்தனை வகைப் பதார்த்தம் என்று எண்ணுமுன், அவற்றைச் சமைத்தவர் யார் என்று கேளுங்கள். அவ்வீட்டில் அன்று வராதவர் யார், இவ்வாண்டு இறந்தவர் யார் என்று அறிய முயலுங்கள். உங்களுக்குப் புதியதாகத் தோன்றுவதை நகைக்குமுன் மதீனாப் பள்ளிவாசலில் நடந்த ஈட்டி விளையாட்டை நினையுங்கள். குறை கண்டால், அதனை எழுதும் துணிவு வருமுன் நேரில் மென்மையாகச் சொல்லும் துணிவு வரட்டும்.

வீட்டிலிருக்கும் நமக்கும் ஒன்று உண்டு. பெருநாளன்று அயலார் ஒருவர் நம் வாயிலில் நிற்பாராயின், அவர் உண்ண மட்டும் வரவில்லை. நாம் பழகிப்போய்க் காணாது விட்டவற்றைக் காணவும் வந்திருக்கிறார். அவர் கண்ணுக்கு முன் விலங்குகள் இருப்பின், அவர் கேட்குமுன் நாமே அவிழ்த்துவிடுவோமாக.